சேத்துட்டியா?

திருநெல்வேலி டவுனில் எங்கள் வீடு ஒரு வளவுக்குள் இருந்தது. தெருவாசலில் நுழைந்தால் இரண்டு பக்கமும் வரிசையாக ஏழு வீடுகள், நடுவே ஒரு ஆள் தாராளமாகப் போகிற பாதை, கடைசியில் பொதுக் குழாய். வீட்டுக்குள் முதலில் தார்சா, அடுத்து பட்டாசல், அதற்குப் பின்னால் அடுக்களை, அங்கணம். ரயில் பெட்டி மாதிரி ஒன்றின் முதுகில் ஒன்று. கடைசிப் பெட்டிக்கு யாராவது போக வேண்டுமென்றால் முதல் பெட்டியில் இருப்பவர்கள் காலை மடக்கிக்கொள்ள வேண்டும். 1999 ஐப்பசியில் அந்தத் தார்சாவில், அதுவரை மாமனாரின் சாய்வு நாற்காலி கிடந்த இடத்தில், ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தேன்.

செலரான் பிராசஸர், 32 எம்.பி. ராம், 4.3 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், 14 அங்குல மானிட்டர். மானிட்டரைத் தூக்கிவந்த பையன் கனம் தாங்காமல் நடையிலேயே ஒரு தடவை இறக்கி வைத்தான். பக்கத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய லேசர் பிரிண்டர். என் நாலு வளையலும் அடகில் இருந்தன. "இது எத்தன வருசம் உழைக்கும்?" என்று அத்தை கேட்டார். கிரைண்டர் வாங்கியபோதும் அதையேதான் கேட்டார். அந்தக் கிரைண்டர் இன்னும் ஓடுகிறது.

அதற்கு முன் பாளையங்கோட்டையில் ஒரு டிடிபி சென்டரில் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு பஸ் ஏறிப் போய்வர முடியவில்லை. சரி, வேலையை வீட்டுக்குக் கொண்டுவருவோம் என்று முடிவெடுத்தேன். நான் டைப்ரைட்டிங்கில் தமிழ் ஹையர் பாஸ் பண்ணியவள். இன்ஸ்டிடியூட்டில் முதல் நாள் இடது கைக்குக் கொடுத்த 'யளனகப' எனக்கு 'அறம் செய விரும்பு' மாதிரி. கம்ப்யூட்டருக்கு மாறும்போது அந்தப் படிப்பு வீணாகவில்லை. பாமினி போன்ற எழுத்துருக்களில் சாவிகள் ஏறக்குறைய டைப்ரைட்டர் வரிசையிலேயே இருந்தன.

அந்த எழுத்துருக்களின் சூட்சுமம் வேடிக்கையானது. ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தைப் பதித்து வைத்திருப்பார்கள். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை நாம் அடிப்பதெல்லாம் ஆங்கிலம்தான். பார்க்கிற நமக்குத்தான் அது தமிழ். 'திருமணம்' என்று அடித்தால் உள்ளே போவது ஜே, பி, பெரிய யு, கே, இசட், கே, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. எழுத்துருவைக் கழற்றிவிட்டால் அந்தக் குப்பைதான் மிஞ்சும். அந்தக் காலத்தில் நான் அடித்த கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் எல்லாமே அந்தக் குப்பையாகத்தான் டிஸ்கில் உட்கார்ந்திருந்தன.

கல்யாணப் பத்திரிகைதான் வருமானத்துக்கு ஆதாரம். படம் அச்சிட்ட வெற்று அட்டைகள் சிவகாசியிலிருந்து வந்துவிடும். பெயர், நாள், நேரம் எல்லாம் இங்கே அச்சாகும். கையெழுத்துத் தாளைப் பார்த்து அடித்து, லேஅவுட் பண்ணி, புரூஃப் காட்டி, திருத்தி, பட்டர் ஷீட்டில் பிரிண்ட் எடுத்து ஸ்கிரீன் பிரிண்டிங் போடுகிறவரிடம் கொடுப்பதோடு என் பொறுப்பு முடியும். பத்திரிகை இல்லாத மாதங்களில் புத்தக வேலை. அதற்குப் பக்கக் கணக்கு.

வீட்டிலேயே தொழில் என்றால் நினைத்த நேரத்தில் வேலை பார்க்கலாம் என்று எண்ணியிருந்தேன். நினைத்த நேரம்தான், ஆனால் நினைப்பது மற்றவர்கள். எதிர்வீட்டு மதினி சாவியைக் கொடுத்துவிட்டுப் போவாள். "கேஸ்காரன் வருவான், வாங்கி வச்சிருங்க. நீங்க வீட்லதான இருக்கீய." பள்ளிக்கூடம் விட்டு வரும் பக்கத்து வீட்டுப் பையன், அவன் அம்மா வரும்வரை என் ஸ்டூலில் உட்கார்ந்து மவுஸையே பார்த்துக்கொண்டிருப்பான். தபால்காரர் வளவு மொத்தத்துக்குமான தபாலை என் ஜன்னல் கம்பியில் செருகிவிட்டுப் போவார். சொந்தத்தில் யாருக்காவது ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆள் வேண்டுமென்றால் முதலில் நினைவுக்கு வரும் பெயர் என்னுடையது. பாளையங்கோட்டைக்குப் போய்க்கொண்டிருந்தபோது யாரும் அப்படிக் கேட்டதில்லை. அதே வேலை, அதே விரல்கள். பஸ் டிக்கெட் ஒன்றுதான் குறைந்திருந்தது.

கடன் கேட்டுப் போன இடத்தில் சம்பளச் சீட்டு கேட்டார்கள். ஒருமுறை கணக்கெடுக்க வந்தவர் தார்சாவில் நின்றபடி, நான் அடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே, "வேலைக்குப் போறீங்களா, வீட்லதானா?" என்றார். வீட்டில்தான் என்றேன். வேறு என்ன சொல்ல? அவர் ஏதோ எழுதிக்கொண்டு போனார்.

2000 ஆடி கடைசி வாரம். ஆவணி முகூர்த்தங்களுக்கான வேலை குவிந்துகிடந்தது. விக்ரம வருஷம். ஒரு கல்யாணப் பத்திரிகை, 500 அட்டை. பெண்ணின் அப்பா கோடு போட்ட தாளில் முன்னும் பின்னுமாக மூன்று பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார். எங்கள் பக்கத்துப் பத்திரிகைகளில் மணமக்கள் பெயரைவிட 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே வருகிற பட்டியல்தான் கடினம். யார் முதலில், யார் அடுத்து, எந்த இனிஷியலுக்குப் பின் எந்தப் பட்டம், எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. முதல் பக்கத்தை அடித்துவிட்டேன். அடுப்பில் சோறு. வெளியே ஆடிக்காற்று. எங்கேயோ ஒரு கிளை கம்பியில் உரசியிருக்கும். பொட்டென்று கரண்ட் போய்விட்டது.

அப்போது யுபிஎஸ் கிடையாது. அதற்கும் சேர்த்து அடகு வைக்க என்னிடம் ஐந்தாவது வளையல் இல்லை. முக்கால் மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்ததும் ஃபைலைத் திறந்தேன். முதல் பக்கம் இருந்தது. நல்லவேளை என்று இரண்டாவது பக்கத்திலிருந்து தொடர்ந்தேன். முதல் பக்கத்தின் கடைசி வரியை அடித்த பிறகு நான் சேமிக்கவே இல்லை என்பது எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கடைசி வரியில் இருந்தது பெண்ணின் தாய்மாமன் பெயர்.

புரூஃபைப் பெண்ணின் அப்பா பார்த்தார். புரூஃப் பார்க்கிறவர்களை இத்தனை வருஷமாகக் கவனித்துவருகிறேன்: ஒவ்வொருவரும் தன் பெயரைப் பார்ப்பார்கள், இனிஷியலைப் பார்ப்பார்கள், முகூர்த்த நேரத்தைப் பார்ப்பார்கள். இல்லாத வரியை யாராலும் பார்க்க முடியாது. அட்டை அச்சாகி, மஞ்சள் தடவி, முதல் பத்திரிகையைத் தாய்மாமன் வீட்டுக்கே கொண்டுபோயிருக்கிறார்கள். அவர் வாசித்துவிட்டுத் தாம்பாளத்தைத் திருப்பித் தள்ளிவிட்டாராம். தாய்மாமன் பெயர் இல்லாத பத்திரிகையை ஊரில் எந்த வீட்டு வாசலுக்கு எடுத்துப் போவது? அன்று சாயங்காலம் எங்கள் தார்சாவில் ஐந்து பேர் நின்றார்கள். யாரும் சத்தம் போடவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. 500 அட்டையும் மறுபடி அச்சிட்டுக் கொடுத்தேன். வளையலை மீட்கச் சேர்த்து வைத்திருந்த பணம் அதோடு சரி.

அத்தை எல்லாவற்றையும் பட்டாசலில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். ராத்திரி சாப்பிடும்போதுதான் கேட்டார்: "கரண்டு போனா, அடிச்சதெல்லாம் எங்கட்டி போவும்?" எங்கும் போகாது, சேர்த்து வைக்கவில்லையென்றால் இல்லாமலே போய்விடும் என்றேன். கண்ட்ரோல் சாவியையும் எஸ் சாவியையும் சேர்த்து அமுக்கினால் சேர்ந்துவிடும் என்று காட்டினேன். "இம்புட்டுத்தானா?" என்று ஆச்சரியப்பட்டார். மறுநாள் காலையில் அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "ஏட்டி, சேத்துட்டியா?"

அன்று ஆரம்பித்தது. கீரை ஆய்ந்துகொண்டிருப்பார், "சேத்துட்டியா?" குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார், அங்கிருந்தே "சேத்துட்டியா?" பத்து நிமிஷத்துக்கு ஒன்று. வளவில் இருந்தவர்களுக்கு முதலில் புரியவில்லை. மருமகளுக்குப் பணம் சேர்க்கிற புத்தி சொல்கிறார் என்று மதினி நினைத்துக்கொண்டிருந்தாள். பிறகு யுபிஎஸ் வாங்கினேன். கரண்ட் போனால் அது பத்து நிமிஷம் பீப் பீப் என்று கத்தும். அத்தை அதை நம்பவில்லை. அது கத்த ஆரம்பித்தால் இவரும் கூடவே கத்துவார்.

இதற்கிடையில் தமிழ் எழுத்துகளுக்குள் ஒரு பெரிய பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கம்பெனி எழுத்துருவும் ஒவ்வொரு விதம். ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் பூச்சி ஊர்ந்த மாதிரி இருக்கும். சில மென்பொருளுக்குப் பூட்டு உண்டு. கம்ப்யூட்டருக்கும் பிரிண்டர் கேபிளுக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டியைச் செருகினால்தான் தமிழ் வரும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் என்ற குறியீடுகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் முடிவு செய்தார்கள். 2010-ல் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி அரசு யூனிகோடுக்கு வந்தது. இந்தச் செய்திகளெல்லாம் எங்களை மாதிரி ஆட்களுக்கு வாடிக்கையாளர் வழியாகத்தான் வரும். "யூனிகோடுல குடுங்க" என்று ஒரு பேராசிரியர் கேட்டபோது, அது ஏதோ புதுத் தாள் சைஸ் என்று நினைத்தேன். யூனிகோடில் தமிழுக்கென்றே தனி எண்கள் உண்டு, ஆங்கிலத்திடம் இடம் இரவல் வாங்க வேண்டியதில்லை என்று அவர்தான் விளக்கினார். நியாயமான ஏற்பாடு. ஆனால் நான் பிழைத்துக்கொண்டிருந்த பேஜ்மேக்கருக்குக் கடைசிவரை யூனிகோடு புரியவில்லை. அதனால் நானும் ரொம்பக் காலம் பாமினியிலேயே கிடந்தேன்.

2008-ல் தொடங்கிய மின்வெட்டு 2012-ல் உச்சத்துக்கு வந்தது. சென்னைக்காரர்களுக்கு அது வேறு கதை. எங்கள் ஊரில் ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் போகும், ராத்திரியிலும் அப்படியே. முந்தைய வருஷம்தான் அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்க ஆரம்பித்திருந்தது. மூன்றையும் வரிசையாக வைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தோம். கரண்ட் இருக்கிற அந்த ஒரு மணி நேரத்துக்குள் மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்ற வேண்டும், சட்னி அரைக்க வேண்டும், பிள்ளைகளின் யூனிபாரம் தேய்க்க வேண்டும், நான் பிரிண்ட் எடுக்க வேண்டும். கடன்பட்டு இன்வெர்ட்டர் வாங்கியிருந்தேன். அதில் கம்ப்யூட்டர் ஓடும், ஒரு விளக்கு, ஒரு ஃபேன் ஓடும். லேசர் பிரிண்டர் மட்டும் ஓடாது. லேசர் பிரிண்டர் என்பது கருப்புத் தூளைத் தாளில் சூட்டால் உருக்கி ஒட்டுகிற யந்திரம். உள்ளே இருக்கிற ஹீட்டர் ஒவ்வொரு தடவை சூடேறும்போதும் இஸ்திரிப் பெட்டி மாதிரி கரண்டை இழுக்கும். ஒருமுறை ஆசைப்பட்டு இன்வெர்ட்டரில் போட்டுப் பார்த்தேன். பிரிண்டர் ஒரு முனகல் முனகியது, இன்வெர்ட்டர் அலறியது, வீடு இருண்டது.

அதனால் வேலையையே இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். கரண்ட் இல்லாத மணியில் அடிப்பது, இருக்கிற மணியில் பிரிண்ட் எடுப்பது. இந்த மணிக் கணக்கை வைத்திருந்தது அத்தை. எப்போது வரும், எப்போது போகும் என்று காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கரியால் கோடு போட்டு வைத்திருப்பார். "கரண்டு வந்துட்டு!" என்று சத்தம் வந்ததும் வளவே எழுந்து ஓடும். ஏழு வீட்டு மிக்ஸியும் ஒரே நேரத்தில் இரையும். வோல்டேஜ் இறங்கும். என் பிரிண்டரின் விளக்கு கண் சிமிட்டும். அப்போது அத்தை பாதையில் இறங்கி நின்று, "ஏளா, பத்து நிமிசம் பொறுங்க, அவ பிரிண்டு எடுக்கா" என்று சொல்வார். ஆச்சரியம், பொறுத்தார்கள். அத்தனை வருஷத்தில் நான் செய்வது வேலைதான் என்று அந்த வளவு ஒப்புக்கொண்டது அந்தப் பத்துப் பத்து நிமிஷங்களில்தான். மின்வெட்டுக்கு நான் அந்த ஒரு விஷயத்தில் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆடிக்காற்றும் கட்சி மாறியிருந்தது. முன்பு கிளையை உரசிக் கரண்டைப் பறித்த அதே காற்று, இப்போது கயத்தாறு, முப்பந்தல் பக்கம் நிற்கிற காற்றாலைகளைச் சுற்றிவிட்டுக் கரண்டைக் கொண்டுவந்தது. வைகாசி பாதியில் மேல்காற்று திரும்பினால் வெட்டு குறையும்; ஐப்பசியில் காற்று அடங்கினால் பழைய கதைதான். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் வளவில் ஆடிக்காற்று அடித்தால் அம்மிக்கு ஓய்வு.

மகள் அப்போது பிளஸ் டூ. அவளுக்கு அரசு மடிக்கணினி கிடைத்தது. வீட்டில் கரண்ட் போனாலும் அணையாத முதல் திரை அதுதான். ராத்திரி அவள் தூங்கிய பிறகு அதை எடுத்துவைத்து ஒரு நாவலையே அடித்து முடித்தேன். காலையில் பேட்டரி காலியாக இருப்பதைப் பார்த்து, "அம்மா, படம் பாத்தியா?" என்று சந்தேகப்படுவாள்.

கூடங்குளத்தின் முதல் உலை 2013 அக்டோபரில் மின்தொகுப்பில் இணைந்தது. அடுத்த வருஷம் வெட்டு ஏறக்குறைய நின்றுபோனது. அந்த வருஷமே அத்தையும் போய்விட்டார். பதினாறாம் நாள் பத்திரிகையை நான்தான் அடித்தேன். வேறு யார் அடிப்பது, வீட்டில்தானே இருந்தேன்.

பிறகு வாட்ஸ்அப் வந்தது. கையெழுத்துத் தாளோடு ஆட்கள் வருவது குறைந்தது. தாளைக் கட்டில்மேல் விரித்து, சாய்வாகப் போட்டோ எடுத்து, பாதிப் பெயர் மெத்தை விரிப்பின் பூவுக்குள் ஒளிந்திருக்க, ராத்திரி பதினொரு மணிக்கு அனுப்புவார்கள். சிலர் அதுவும் செய்வதில்லை. பஸ்ஸில் போய்க்கொண்டே பெயர்களைச் சொல்லிக் குரலாக அனுப்புவார்கள். கண்டக்டர் விசில் எந்தப் பெயருக்கு நடுவில் வருகிறது என்று நான் கண்டுபிடிக்க வேண்டும். பதில் போடாவிட்டால் அடுத்த செய்தி வரும்: "ஆன்லைன்லதான இருக்கீய?" அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மதினி சாவி கொடுக்கிற மாதிரியே இருந்தது. வளவு ஏழு வீட்டோடு நிற்காமல் வள்ளியூர்வரை நீண்டுவிட்டது.

2017-ல் கூகுள் குரல்வழித் தட்டச்சில் தமிழும் சேர்ந்தது. இவர்கள் சொல்ல, போன் எழுதும். எழுதும்தான், எங்கள் பக்கத்து நாக்கில் 'ழ' படும் பாடு அதற்கும் தெரிந்துபோனது. வாழ்த்து வாள்த்தாக வரும். அதை அனுப்பிவிட்டு, "நீங்க அடிக்க வேண்டாம்லா, திருத்தத்தான செய்யணும்" என்று ரேட்டைக் குறைப்பார்கள். திருத்துவதற்கு அடிப்பதைவிட அதிக நேரம் ஆகும் என்பதைச் சொல்லிச் சொல்லி நானும் ஓய்ந்துவிட்டேன். 2020-ல் ஊரடங்கு. கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்றதும் அட்டை அச்சடிக்கிறவர் யார்? போனில் அனுப்புகிற படமாகப் பத்திரிகை செய்யக் கற்றுக்கொண்டேன். அது இன்னும் தொடர்கிறது.

வளவை விட்டு வந்து பல வருஷம் ஆகிறது. இப்போது பெருமாள்புரம் பக்கம் ஒரு மாடி வீடு. போன ஆவணிக்கு முன்னால், 2025 ஆடியில், ஒரு பெண் மாடி ஏறி வந்தாள். காலேஜ் படிக்கிற வயது. அவள் அப்பா அம்மாவுக்கு வெள்ளிவிழாக் கல்யாண நாளாம். அந்தக் காலத்துப் பத்திரிகை மாதிரியே ஒன்று அச்சடித்துக் கையில் கொடுத்து அதிரவைக்க வேண்டுமாம். வீட்டில் ஒரு அட்டைகூட இல்லை. டவுனில் விசாரித்து, பழைய வளவுக்குப் போய், அங்கே யாரோ சொல்லி இங்கே வந்திருக்கிறாள். அப்பா பெயரைச் சொன்னாள். எனக்கு அப்போது பிடிபடவில்லை. அம்மாவின் அப்பா பெயரைச் சொன்னதும் நெஞ்சுக்குள் ஏதோ புரண்டது.

பழைய ஃப்ளாப்பிகளையெல்லாம் பூஞ்சை பிடிப்பதற்குள் 2003-ல் சிடியில் ஏற்றியிருந்தேன். இப்போதைய லேப்டாப்பில் சிடி போட இடமில்லை. தெருமுனை ஸ்டுடியோக்காரரிடம் டிரைவ் இரவல் வாங்கி மாட்டினேன். கரகரவென்று சுற்றி, இரண்டு தடவை மறுத்து, மூன்றாவது தடவை திறந்தது. ஆவணி 2000. பேஜ்மேக்கர் இல்லை, பாமினி இல்லை. மேட்டரை முதலில் தனியாக அடித்து வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு, அந்த ஃபைல் மட்டும் நோட்பேடில் வந்தது. பிள்ளைக்கு முகம் விழுந்துவிட்டது. "எல்லாம் கெட்டுப்போச்சா அக்கா? ஒரே இங்கிலீஷ் எழுத்தா இருக்கு."

கெடவில்லை. யூனிகோடுக்கு மாற்றித் தரும் கன்வெர்ட்டர்கள் இருக்கின்றன, எனக்குத் தெரியும். ஆனால் அதற்குள் என் விரல்கள் மேஜைமேல் ஆட ஆரம்பித்துவிட்டன. ஜே, பி, பெரிய யு: வலது ஆள்காட்டி, வலது சுண்டுவிரல், மறுபடி ஆள்காட்டி. 'திரு' வந்துவிட்டது. கண்ணுக்குக் குப்பையாகத் தெரிந்ததை விரல் வாசித்தது. நான் மேஜையைத் தட்டித் தட்டி ஒவ்வொரு வரியாகச் சொல்ல, அவள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். விக்ரம வருஷம், ஆவணி மாதம், முகூர்த்தம், மண்டபம். தங்கள் நல்வரவை விரும்பும். பெரியப்பா, சித்தப்பா, அத்தை வீட்டு மாமா.

பட்டியல் முடிந்த இடத்தில் விரல் நின்றது. கரண்ட் போவதற்கு முன் அடித்த வரி அங்கே இல்லை. மறு அச்சுக்குத் திருத்தியதைப் பேஜ்மேக்கர் ஃபைலில்தான் திருத்தியிருக்கிறேன், இதில் இல்லை.

"அம்மாவோட தாய்மாமா பேரு?" என்று கேட்டேன்.

"அந்தத் தாத்தாவா? இருக்காங்க. எண்பது ஆச்சு. அவங்க கையாலதான் இதக் குடுக்கச் சொல்லலாம்னு இருக்கேன்." பெயரைச் சொன்னாள். இனிஷியல் என்ன என்று கேட்டேன். சொன்னாள்.

புது ஃபைலில் எல்லாவற்றையும் யூனிகோடில் அடித்தேன். முதல் பக்கத்தின் கடைசி வரி வந்தபோது அந்தப் பெயரை அடித்தேன். இனிஷியலை ஒருமுறை சரிபார்த்தேன். பிறகு என் இடது கை தன்பாட்டில் போய்க் கண்ட்ரோலையும் எஸ்ஸையும் அமுக்கியது. ஒரு தடவை. ஒரு நிமிஷம் கழித்து இன்னொரு தடவை.

"அக்கா, இப்பல்லாம் அதுவே சேவ் ஆயிரும்" என்றாள் அந்தப் பெண்.

"ஆமா" என்றேன். சொல்லிக்கொண்டே மறுபடியும் அமுக்கினேன்.